கிளாத்தியின் பூட்டு தெரியும், வேலை தெரியுமா?

"பயோ-இன்ஸ்பயர்டு" என்ற சொல் இல்லாமல் இப்போதெல்லாம் ஒரு ப்ராஜெக்ட் ரிவ்யூ கூட முடிவதில்லை. முதல் ஸ்லைடில் ஒரு விலங்கின் படம். இரண்டாவது ஸ்லைடில் அதன் ஏதோ ஒரு உறுப்பு, அம்புக்குறி போட்டு. மூன்றாவது ஸ்லைடிலிருந்து ஆர்டுயினோ, மோட்டார், பேட்டரி. அந்த விலங்கு அதோடு காணாமல் போய்விடும். பல்லியின் கால், மீன்கொத்தியின் மூக்கு என்று போகும் இந்த ஊர்வலத்தில் டிரிகர் ஃபிஷ்ஷும் ஒரு ரெகுலர் ஆள். ஒரு பேட்ச் அதன் துடுப்பை எடுத்துக்கொள்ளும், இன்னொரு பேட்ச் அதன் முதுகு முள்ளின் பூட்டை எடுத்துக்கொள்ளும்.

அந்த ரிவ்யூக்களில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு. இந்த மீன் கடலில் என்ன வேலை பார்க்கிறது? உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறோம், மீன் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. என் கருத்து என்னவென்றால், இந்த மீனிடம் ஒரு இன்ஜினியர் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அதன் உடம்பில் இல்லை, அது இல்லாமல் போகும் இடத்தில் இருக்கிறது.

முதலில் ஆளை அறிமுகப்படுத்தி விடுகிறேன். டிரிகர் ஃபிஷ் குடும்பத்துக்கு நம்ம கரையோரத்தில் அழகான பெயர் இருக்கு: கிளாத்தி. தோல் அவ்வளவு கெட்டி என்பதால் உரித்துவிட்டுத்தான் குழம்பு வைப்பார்கள். குடும்பத்தில் பல இனங்கள். நான் பேசப்போவது ஒன்றைப் பற்றி: ஆரஞ்சு வரிக் கிளாத்தி. அறிவியல் பெயர் பாலிஸ்டாபஸ் அண்டுலேட்டஸ். அண்டுலேட்டஸ் என்றால் அலை போன்ற கோடுகள் உடையது. கரும்பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பில் சாய்வாக ஆரஞ்சுக் கோடுகள், ஆரஞ்சு வால், வால் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய கருப்புத் திட்டு, அந்தத் திட்டின் மேல் இரண்டு வரிசை முட்கள். மூக்குப் பகுதியிலும் கோடுகள் இருந்தால் பெண் மீன் அல்லது குட்டி. வளர்ந்த ஆணுக்கு அங்கே கோடு இருக்காது. அதிகபட்சம் 30 செ.மீ. நீளம், அதாவது நம்ம ஸ்கேல் அளவு. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி இந்தியப் பெருங்கடல் முழுக்க, பசிபிக்கின் நடுத்தீவுகள் வரை பவளப்பாறைகளில் இருக்கிறது.

இதற்கு 1797ல் முதலில் பெயர் வைத்தவர் முங்கோ பார்க். ஆமாம், ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப்போனாரே, அதே ஆள்தான். அதற்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் உதவி டாக்டராக சுமத்ராவுக்குப் போனவர், போன இடத்தில் மீன்களைக் கவனித்து, திரும்பி வந்து எட்டு இனங்களை விவரித்தார். அதில் ஒன்று இது.

இப்போது பூட்டு. கிளாத்தியின் முதல் முதுகுத் துடுப்பில் மூன்று முட்கள். முதல் முள் தடிமனானது, நீளமானது. இரண்டாவது குட்டை. மூன்றாவது பேருக்கு ஒன்று. முதல் முள் நிமிர்ந்ததும் இரண்டாவது முள்ளின் அடிப்பகுதி முன்னால் நகர்ந்து அதன் பின்னால் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு முதல் முள்ளை நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. ஆனால் இரண்டாவது முள்ளை லேசாகத் தட்டினால் முதல் முள் படக்கென்று படுத்துவிடும். துப்பாக்கி விசை மாதிரி. டிரிகர் என்ற பெயர் அதனால்தான். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும், வார்ம் கியர் போல இதுவும் செல்ஃப் லாக்கிங். பிடித்துவைக்க தசை தொடர்ந்து சக்தி செலவழிக்க வேண்டாம், வடிவமே பார்த்துக்கொள்ளும். எதிரி வந்தால் பாறை இடுக்கில் தலையை விட்டு, முள்ளை மேலே நிமிர்த்தி, வயிற்றுப்பக்க எலும்பைக் கீழே தள்ளி, இறுக்கிக்கொள்ளும். வெளியே இழுக்க முடியாது.

நீச்சலும் தனி ஸ்டைல். பெரும்பாலான மீன்கள் வாலை ஆட்டிப் போகும். கிளாத்தி இரண்டாவது முதுகுத் துடுப்பையும் அதற்கு நேர் கீழே உள்ள துடுப்பையும் அலை அலையாக ஓடவிட்டுப் போகும். முன்னால், பின்னால், ஒரே இடத்தில் நின்றபடி, எல்லாம் முடியும். வாலை அவசரத்துக்குத்தான் எடுக்கும். இந்த நீச்சல் முறைக்கே அதன் குடும்பப் பெயரை வைத்து பாலிஸ்டிஃபார்ம் என்று பெயர். நீரடி ரோபோ செய்கிறவர்களுக்கு இதன் மேல் ஏன் கண் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதெல்லாம் நல்ல விஷயம்தான், ரோபோ செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நின்ற இடத்தில் நிற்கும் இந்த நீச்சல், தலையின் உச்சிப்பக்கம் தள்ளி அமைந்த கண், உளி மாதிரிப் பற்கள், கெட்டித் தோல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி கேட்ஜெட் இல்லை. எல்லாம் ஒரே வேலைக்கான டூல் கிட். முள் நிறைந்த ஒன்றைக் கிட்டே போய், கண்ணில் குத்து வாங்காமல், உடைத்துத் தின்கிற வேலை.

அந்த முள் நிறைந்த ஒன்றுதான் கடல் முள்ளெலி. நம்ம பாடப்புத்தகத்தின் சீ அர்ச்சின். கிளாத்தி வகை மீன்கள் இதை வேட்டையாடும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. சில இனங்கள் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைக் குப்புறக் கவிழ்க்கும். அடிப்பக்கம் முள் குட்டை. அங்கே கடித்து உள்ளே போகும்.

இனி விஷயம் கென்யாவுக்குப் போகிறது. கென்யக் கடற்கரையில் மலிண்டி, வாட்டமு என்ற இரண்டு இடங்களை 1968ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே மீன்பிடி கிடையாது. அதே கரையில் டியானி போன்ற இடங்களில் மீன்பிடி எப்போதும் போல நடந்தது. ஒரே கடல், ஒரே தட்பவெப்பம், ஒரே வகைப் பாறை, ஒரே ஒரு வித்தியாசம். கண்ட்ரோலும் டெஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்த மாதிரி. லேபில் நமக்கே இவ்வளவு நல்ல செட்டப் கிடைக்காது.

டிம் மெக்லனஹனும் ஷஃபிரும் இதை ஒப்பிட்டு 1990ல் வெளியிட்ட ஆய்வில் வந்த எண்கள் இவை: மீன்பிடி நடக்கும் பாறைகளில் முள்ளெலிகளின் அடர்த்தி, பாதுகாக்கப்பட்ட பாறைகளைவிட 100 மடங்குக்கும் மேல். முள்ளெலிகளை நூலில் கட்டிப் பாறையில் வைத்துவிட்டு எத்தனை தின்னப்படுகின்றன என்று பார்த்தார்கள். மீன்பிடி நடக்கும் இடத்தில் அது நான்கில் ஒரு பங்குதான். நூலில் கட்டி வைத்து எண்ணுவது! கோடிக்கணக்கில் செலவாகும் கருவி எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த எக்ஸ்பெரிமென்ட் டிசைன் இது.

முள்ளெலியைத் தின்னும் மீன் கிளாத்தி மட்டும் இல்லை. வேறு சில மீன்களும் தின்னும். ஆனால் அந்தக் கரையில் அந்த வேலையின் பெரும்பகுதியைப் பார்த்தது யார் என்று தேடினால், வந்து நின்றது நம்ம ஆரஞ்சு வரிக் கிளாத்திதான். மற்றவை இருந்தும் அதன் இடத்தை நிரப்பவில்லை.

முள்ளெலி பெருகினால் என்ன, அதுவும் உயிர்தானே என்று கேட்கலாம். அங்கே பெருகிய எக்கினோமெட்ரா என்ற வகை, பாசியைத் தின்னும்போது பாறையையும் சேர்த்துச் சுரண்டும். ஒன்றிரண்டு சுரண்டினால் பாறைக்கு ஒன்றும் ஆகாது, பவளம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். நூறு மடங்கு சுரண்டினால், வளர்வதைவிடக் கரைவது அதிகம். பாசியை நம்பி வாழும் மற்ற மீன்களுக்கும் சாப்பாடு போய்விடும். பவளப்பாறை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு அலைத்தடுப்புச் சுவர், மீன் வளரும் இடம், சுற்றுலா வருமானம் எல்லாம். கரைவது அதுதான்.

நம்ம சிலபஸில் இதற்கு இரண்டு மார்க் கேள்வி உண்டு: கீஸ்டோன் ஸ்பீசிஸ் என்றால் என்ன? அமெரிக்காவின் வாஷிங்டன் கரையில் நட்சத்திர மீன்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்த ராபர்ட் பெயின் 1969ல் கொடுத்த சொல் அது. சிவில்காரர்களுக்குத் தெரியும், கீஸ்டோன் என்பது வளைவின் உச்சியில் வைக்கும் கல். எடுத்தால் வளைவு இறங்கிவிடும். டெஃபினிஷன் எழுதி, எடுத்துக்காட்டு எழுதி, இரண்டு மார்க் வாங்கிவிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பேப்பரை எல்லாரும் கடைசி நாள் ராத்திரிதான் படிக்கிறோம், அது வேற கதை.

ஆனால் இதே விஷயத்தை வேற டிபார்ட்மென்ட் பெயரில் சொன்னால் நாம் நிமிர்ந்து உட்காருவோம். சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரு சர்வர் ரூமில் ஆயிரம் மெஷின் இருக்கலாம், எல்லாம் ஒரே ஸ்விட்ச் வழியாகப் போனால் அது ஆயிரம் மெஷின் இல்லை, ஒரு ஸ்விட்ச். கென்யப் பாறையில் நூற்றுக்கணக்கான இன மீன்கள். பார்க்கிற கண்ணுக்கு பேக்கப் கொட்டிக்கிடக்கிற மாதிரி இருக்கும். முள்ளெலியைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு மட்டும் வந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஆள்.

தர்ட் இயரில் எஃப்.எம்.இ.ஏ. போட்டோமே, அதை இந்த மீனுக்குப் போட்டுப் பார்க்கலாம். செவரிட்டி, ஆக்கரன்ஸ், டிடெக்ஷன், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மார்க், மூன்றையும் பெருக்க வேண்டும். இந்தப் பார்ட் போனால் பாறையே கரையும், செவரிட்டிக்கு 8 போடுகிறேன். போவதற்கு வாய்ப்பு? கிளாத்தி துணிச்சலான மீன். தூண்டில் இரைக்கு வரும், கூட்டுக்குள் புகும், ஆளைக் கண்டு ஓடாது. மீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஆரஞ்சு வரிக் கிளாத்தியை மற்ற மீன்களோடு போடாதே, எல்லாவற்றையும் கடித்துவிடும் என்பார்கள். அந்த முரட்டுத்தனம்தான் அதைச் சுலபமாகப் பிடிபட வைக்கிறது. ஆக்கரன்ஸ் 7. மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. டிடெக்ஷனில் கண்டுபிடிக்கக் கஷ்டமானதற்குத்தான் அதிக மார்க். கிளாத்தி குறைந்த அன்று பாறையில் எதுவும் மாறாது. அடுத்த மாதமும் மாறாது. முள்ளெலி மெதுவாக ஏறும். பாறை அதைவிட மெதுவாகக் கரையும். மீனவருக்கு வலையில் மீன் குறைகிறது என்று தெரியும்போது, காரணம் பல வருடம் பின்னால் இருக்கும். 9. பெருக்கினால் 504. என் மார்க்தான், நீங்கள் வேற போடலாம். ஆனால் 504 வந்த ஒரு பார்ட்டை எந்தக் கம்பெனியும் அப்படியே ஷிப் பண்ணாது.

அந்தப் பார்ட்டின் விலை என்ன? சந்தையில் அது மலிவு மீன். உரிக்கக் கஷ்டம், உருவம் சின்னது. மீன்பிடிக் கணக்கில் அது எடையாகவும் பணமாகவும் மட்டும் பதிவாகும். கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்வியில், அது கடலில் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு காலம் கூட இல்லை. ஒரு போல்ட்டின் மதிப்பை அதன் இரும்பு விலையில் போடுகிற மாதிரிதான் இது.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. முள்ளெலி வில்லன் என்றால் கரீபியனில் நடந்தது என்ன? 1983ல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய் கரீபியன் முழுக்கப் பரவி, டயடெமா என்ற நீள முள் முள்ளெலியில் 90 சதவீதத்துக்கும் மேல் அழித்தது. முள்ளெலி போனது, பாறை பிழைத்ததா? இல்லை. ஜமைக்காவில் பாசி பெருகிப் பவளத்தை மூடியது. 1970களின் கடைசியில் பாதிப் பரப்புக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்த பாறைகளில், 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதம் கூட மிச்சமில்லை. 1980ல் அடித்த ஆலன் புயலுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்போ முள்ளெலி நல்லதா கெட்டதா? கேள்வியே தப்பு. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை எல்லாம் அதற்கு முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். முள்ளெலியைத் தின்னும் கிளாத்தி வகையும் குறைந்திருந்தது. அதனால் முள்ளெலி பெருகி, பாசியைக் கட்டுப்படுத்தும் மொத்த வேலையையும் அது ஒன்றே செய்துகொண்டிருந்தது. வெளியே பார்த்தால் பாறை நன்றாகத்தான் இருந்தது. சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது, பேக்கப் மட்டும் இல்லை. ஒரு நோய் வந்தது, அவ்வளவுதான். கென்யாவில் வேட்டையாடும் மீன் போய்க் கெட்டது, ஜமைக்காவில் வேட்டையாடப்படும் முள்ளெலி போய்க் கெட்டது. இரண்டும் எதிரெதிர்க் கதை மாதிரித் தெரியலாம், எனக்கு இரண்டும் ஒரே சர்க்யூட் டயக்ராம்.

இன்னொரு எதிர்வாதம் மீனவர் பக்கத்திலிருந்து. "படிச்சவன் வந்து மீனைக் காப்பாத்துன்னு சொல்லுவான், என் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?" இது நியாயமான கேள்வி, கென்யாவிலும் இதே கேள்விதான். பூங்கா என்று கோடு போட்டு மூடுவது ஒரே தீர்வு என்று நான் நினைக்கவில்லை. மூடினாலும் கிளாத்தி அடுத்த வருடமே திரும்பி வந்துவிடுவதில்லை. 2000ல் மெக்லனஹன் இந்த ஒரே இனத்தின் மீட்சியைப் பற்றித் தனியாக ஒரு ஆய்வு வெளியிட்டார். மீன்பிடி நின்ற பிறகும் அது பழைய நிலைக்கு வரப் பல வருடங்கள் ஆகின்றன. போனதைத் திரும்பக் கொண்டுவருவதைவிடப் போகாமல் வைத்திருப்பது எவ்வளவோ சுலபம். அதற்கு முழுக் கடலையும் மூட வேண்டாம், இந்தப் பார்ட்டை மட்டும் கவனித்தால் போதும் என்பதுதான் என் வாதம்.

கவனிப்பது என்றால் எப்படி? கென்யக் கரையில் மலேமா என்று பின்னப்பட்ட கூடை மாதிரி ஒரு மீன் பொறி உண்டு. நம்ம கீழக்கரைப் பக்கம் கூடு என்பார்களே, அந்த வகை. அதன் மூலையில் செங்குத்தாக ஒரு குறுகிய இடைவெளி விட்டுப் பார்த்தார்கள். குட்டிகளும் பக்கவாட்டில் தட்டையான மீன்களும் அந்த வழியாக வெளியே போய்விடும், விலை போகும் பெரிய மீன் உள்ளேயே நிற்கும். இங்கேதான் இன்ஜினியர் வர வேண்டும் என்று நினைக்கிறேன். இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்? எந்த உயரத்தில்? எந்த மீன் தப்பும், எது நிற்கும்? மீனவரின் வருமானம் குறையாமல் கிளாத்தி வெளியே போக ஒரு அளவு உண்டா? கிளாத்தியின் துடுப்பைக் காப்பி அடித்து ரோபோ செய்வதைவிட இது கஷ்டமான டிசைன் ப்ராப்ளம். ரோபோவுக்குத் தண்ணீர்த் தொட்டி போதும். இதற்கு மீனவர் ஒத்துக்கொள்ள வேண்டும், மீன் ஒத்துக்கொள்ள வேண்டும், சந்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கென்யாவின் எண்களை அப்படியே நம்ம மன்னார் வளைகுடாவில் ஒட்டவைக்க முடியாது. அங்கே 21 தீவுகள், 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா, பவளத்தின் நிலை வேற, மீன்பிடி முறை வேற, கடல் வெப்பம் ஏறி வெளுத்துப்போகும் பிரச்சினை மேலே மேலே. ஆனால் நூலில் முள்ளெலியைக் கட்டிவைத்து யார் தின்கிறார்கள் என்று எண்ணும் அந்த முறையை எடுத்து வரலாம். அனுமதி வாங்க வேண்டும், மீன்வளம் படிக்கும் மாணவர்களைக் கூட சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கடியில் நிற்கும் ஒரு கேமரா, படத்தில் வரும் மீனை இனம் பிரிக்க ஒரு மாடல், கூட்டில் வைத்துப் பார்க்க நான்கைந்து அளவு இடைவெளிகள். ஈ.சி.ஈ., சி.எஸ்., மெக் மூன்று டிபார்ட்மென்டுக்கும் வேலை இருக்கு. ப்ராஜெக்ட் டைட்டில் தேடிக்கொண்டிருக்கும் தர்ட் இயர் ஜூனியர்கள் யாருக்காவது ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள். "பயோ-இன்ஸ்பயர்டு" என்று டைட்டிலில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, மூன்றாவது ஸ்லைடிலும் மீன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.